ஹாஜரியில் இல்லாத பெயர்

செம்பூர்,
3-11-1963

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்புத் தங்கச்சி ஏஞ்சலம்மாளுக்கு அண்ணன் தனசீலன் எழுதுவது. இங்கே நானும் உன் மதினி லூசியம்மாளும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் ஜெபமாலையும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

தாராவியும் செம்பூரும் ஒரே பம்பாய்க்குள் இருக்கின்றன. குர்லாவில் ரயில் மாறினால் முக்கால் மணி நேரம். அப்படியிருக்க, கூடப் பிறந்தவளுக்குத் தபால்தலை ஒட்டி எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது. நேரில் வந்தேன், கதவைச் சாத்தினாய். மதினி அரிசியும் பிள்ளைக்கு ஒரு கவுனும் கொண்டுவந்தாள். இரண்டையும் சந்தில் வைத்துவிட்டு உள்ளே போனாயாம். அக்கம்பக்கத்தார் பார்க்க அவள் அழுதுகொண்டே திரும்பி வந்தாள். அவள் உனக்கு என்ன செய்தாள்?

கோர்ட்டில் நான் சொன்னது உனக்குக் கோபம். கோபப்பட உனக்கு உரிமை உண்டு. ஆனால் என் நிலைமையையும் யோசி. தோல் பட்டறைச் சேட் என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டுக் கதவை மூடினார். "தனசீலன், உன் தங்கை புருஷன் அன்றைக்கு ஹாஜரியில் இல்லை. வருகைப் புத்தகம் எழுதுகிறவன் நீ. நீயே சொல்லிவிடு. சொல்ல முடியாது என்றால் நாளையிலிருந்து நீயும் ஹாஜரியில் இல்லை" என்றார். எனக்கு நாலு பிள்ளைகள். ஊரில் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்ப வேண்டும். நான் மறுத்திருந்தால் வேறொருவன் போய்ச் சொல்லியிருப்பான். உன் கேஸ் எப்படியும் தோற்றுத்தான் இருக்கும். அதோடு நம் இரண்டு குடும்பமும் தெருவில் நின்றிருக்கும்.

இப்போது மேஸ்திரி ஆக்கியிருக்கிறார்கள். செம்பூரில் ஒரு கோலி கிடைத்திருக்கிறது, ஒற்றை அறை வீடுதான், ஆனால் தண்ணீர்க் குழாய் உள்ளேயே இருக்கிறது. நீயும் பிள்ளையும் வந்து எங்களோடு இருங்கள். மச்சான் இனித் திரும்பி வரப்போவதில்லை. இருக்கிறவர்கள் பிழைக்க வேண்டாமா?

பதில் போடு.

உன் அண்ணன்,
தனசீலன்

*

தாராவி,
9-11-1963

தனசீலன் மேஸ்திரி அவர்களுக்கு, மரியஅந்தோணியின் மனைவி ஏஞ்சலம்மாள் எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். உங்கள் நிலைமை, உங்கள் பிள்ளைகள், உங்கள் குழாய் எல்லாம் அதில் இருக்கின்றன. 'பொய் சொன்னேன்' என்ற ஒரு சொல் மட்டும் எங்கேயும் இல்லை.

நடந்ததை நான் எழுதுகிறேன். நீங்கள் ஹாஜரிப் புத்தகத்தில் எழுதாமல் விட்டதால் இது வேறு எங்கும் எழுதப்படவில்லை.

அன்று காலை அவர் பழையதும் வெங்காயமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் சந்தில் நின்று கூப்பிட்டீர்கள். "மாப்ளே, ரெண்டாம் தொட்டிய இன்னைக்குக் கழுவியாவணும். சேட்டு வந்து நிக்காரு, வெரசா வாரும்!" பாதிச் சோற்றோடு கையைக் கழுவிவிட்டு ஓடினார். தோல் ஊறி, பத்து நாளாகத் திறக்காத தொட்டி. கயிறு கட்டாமல் இறக்கினீர்கள். அந்தத் தொட்டியின் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பதினோரு மணிக்குத் தோல் ஏற்றுகிற கைவண்டியில் படுக்கவைத்து, மேலே சாக்கைப் போட்டுக் கொண்டுவந்தார்கள்.

கோர்ட்டில் மராட்டியில் கேட்டார்கள். ஒருவர் அதைத் தமிழில் சொன்னார். நீங்கள் தமிழிலேயே பதில் சொன்னீர்கள், அதனால் எனக்கு ஒரு எழுத்தும் தப்பவில்லை. "அன்னைக்கு அவரு வேலைக்கு வரல. என்னப் பாக்கத்தான் வந்தாரு. வாயில சாராய வாசம் அடிச்சிது. தடுமாறி உள்ள விழுந்துட்டாரு."

இருமலுக்கு மருந்து கொடுத்தாலே அதில் சாராயம் கலந்திருக்குமோ என்று மோந்து பார்க்கிற மனிதர் அவர். அது உங்களுக்குத் தெரியும். வேலைக்கு வரவில்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாமே! கேஸ் அதிலேயே தோற்றிருக்கும். செத்தவர் வாயில் எதற்காகச் சாராயத்தை ஊற்றினீர்கள்? இப்போது குழாயடியில் என்னைப் பார்த்துக் "குடிகாரன் பொண்டாட்டி, வழிவிடுங்க" என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஜெபமாலையிடம், 'உன் அப்பா குடித்துவிட்டுத் தொட்டியில் விழுந்தாராமே' என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு எட்டு வயது.

அவரோடு வேலை செய்த உதுமான் அண்ணன் ஒருவர்தான் உள்ளதைச் சொன்னார். அவரையும் மறுநாளே வெளியே தள்ளினார்கள். மனைவி ரஷீதாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உல்லாஸ்நகருக்குப் போய்ச் சாயப் பட்டறையில் கூலிக்கு நிற்கிறார். அவருக்கும் பிள்ளைகள் நாலுதான்.

நான் உங்களை விடமாட்டேன். பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். தெரியப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

மரியஅந்தோணியின் மனைவி,
ஏஞ்சலம்மாள்

*

செம்பூர்,
21-6-1964

சேசுவுக்குத் தோத்திரம்.

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

மழை பிடித்துக்கொண்டது. உன் கோலிக்குள் தண்ணீர் ஏறாமல் இருக்கிறதா? போன வருஷம் வாசலில் சிமிண்ட் வைத்து உயர்த்தியது மச்சான்தான். நன்றாகத்தான் செய்தார். இதைப் பழசைக் கிளறுவதற்காகச் சொல்லவில்லை.

நீ தோல் பட்டறை கேட்டுக்கு எதிரே ஆப்பக் கூடையோடு உட்காருகிறாய். பிழைப்புக்கு எதுவும் செய்யலாம், தப்பில்லை. ஆனால் ஆப்பத்தைக் கையில் கொடுக்கும்போதே, "ஹாஜரியில பேரு ஏறிட்டா? கண்ணால பாத்தியளா? பாக்காம உள்ள போவாதிய" என்று ஒவ்வொருவனிடமும் கேட்கிறாயாமே! இந்த மாதத்தில் மட்டும் மூன்று தடவை ஆட்கள் தொட்டி ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். பெயர் எழுதினால்தான் இறங்குவோம், கயிறு கட்டினால்தான் இறங்குவோம் என்கிறார்கள். கயிறு பிடிக்க மேலே இரண்டு ஆள். அந்த இரண்டு ஆளுக்கும் சம்பளம். சேட் குதிக்கிறார். "தேரி பெஹன் கோ ஹடாவ்" என்று எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினார். உன் தங்கையை அங்கிருந்து அகற்று என்கிறார். எனக்குத் தலை குனிந்துவிட்டது.

சயான் ஸ்டேஷன் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அங்கே உனக்கு ஒரு இடம் பிடித்துத் தருகிறேன். இங்கே விற்பதைவிட அங்கே நன்றாகப் போகும். சனிக்கிழமை வாட்ச்மேன் உன் கூடையை உதைத்ததாகக் கேள்விப்பட்டேன். சத்தியமாக நான் சொல்லி அல்ல. தடுத்திருக்க வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். நான் உள்ளே இருந்தேன்.

செசிலிக்குப் பதினெட்டு நடக்கிறது. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். அத்தை இல்லாமல் அவளுக்கு எந்த நல்லது நடக்கும்? அதையும் நினைத்துப் பார்.

உன் அண்ணன்,
தனசீலன்

*

தாராவி,
28-6-1964

தனசீலன் மேஸ்திரி அவர்களுக்கு,

கோலிக்குள் தண்ணீர் ஏறவில்லை. அவர் வைத்த சிமிண்ட் நிற்கிறது.

சயான் ஸ்டேஷன் இடம் எனக்கு வேண்டாம். இங்கேதான் உட்காருவேன். இங்கிருந்தால்தான் உங்கள் முகம் தெரிகிறது.

கூடையை உதைத்தபோது நீங்கள் உள்ளே இல்லை. ஆபீஸ் ஜன்னலில் நின்றீர்கள். நான் பார்த்தேன், நான் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள். சேற்றில் கிடந்த ஆப்பத்தைப் பொறுக்கி நாய்க்குப் போட்டேன். மறுநாள் இன்னும் பத்து ஆப்பம் கூடுதலாகச் சுட்டு எடுத்துவந்தேன், எல்லாம் விற்றது.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை நடந்ததை நீங்கள் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து புதிதாக வந்த நாலு பேர். "ஏலே, எறங்குதியளா, இல்ல வேற ஆளப் பாக்கட்டா?" என்று நீங்கள் கத்தியது தெருவரைக்கும் கேட்டது. அவர்களில் மூத்தவர், "மொதல்ல பேர எழுதும் மேஸ்திரி. எழுதுனத வாசிச்சும் காட்டும். பொறவு எறங்குதோம்" என்றார். நீங்கள் புத்தகத்தைக் கொண்டுவந்து, குனிந்து, ஒவ்வொரு பெயராக எழுதி, சத்தமாக வாசித்தீர்கள். உங்கள் காது சிவந்துபோனது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. அன்று எனக்கு மத்தியானச் சோறு தேவைப்படவில்லை. வயிறு நிறைந்திருந்தது.

அந்த நாலு பேரைக் காப்பாற்ற நான் இதைச் செய்வதாக நினைத்துப் புண்ணியம் கொடுக்க வேண்டாம். அவர்கள் பிழைத்தால் நல்லது. ஆனால் ஒவ்வொரு பெயரையும் எழுதும்போது, எழுதாமல் விட்ட பெயர் உங்களுக்கு ஞாபகம் வர வேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

செசிலிக்கு மாப்பிள்ளை பார்ப்பது நல்லது. பாருங்கள்.

ஏஞ்சலம்மாள்

*

தாராவி,
12-2-1965

தனசீலன் மேஸ்திரி அவர்களுக்கு,

கல்யாண் ஊரிலிருந்து வந்த சம்பந்தம் நின்றுபோன காரணம் உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று கேள்விப்பட்டேன். சீதனம் போதவில்லை என்று அவர்கள் சொன்னார்களாம். அது மரியாதைக்குச் சொன்னது. காரணம் நான்.

மாப்பிள்ளையின் அம்மா போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் கோலிக்கு வந்தார்கள். நல்ல மனுஷி. பெண்ணின் அத்தை ஒரே ஊரில் இருந்தும் நிச்சயத்துக்கு வரவில்லையே, ஏதாவது மனத்தாங்கலா என்று விசாரிக்க வந்திருந்தார்கள். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"பொண்ணப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள்.

"பொண்ணு தங்கம்" என்றேன்.

"அவுக அப்பா?"

"சத்தியப் பிரமாணம் எடுத்து, கூடப் பிறந்தவ புருசன் சாவுலயே பொய்ச்சாட்சி சொன்னவரு. அதுக்குக் கூலியாத்தான் அந்தச் செம்பூர் கோலி. நீங்க நாளைக்கு அங்க விருந்துக்குப் போனா, எந்தக் குழாய்த் தண்ணியக் குடிக்கியன்னு தெரிஞ்சு குடிங்க."

அந்த அம்மாள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார்கள். கோபத்தில் அல்ல, பயத்தில். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னேன். உள்ளதைச் சொன்னால் ஒரு கல்யாணம் நிற்கும் என்று தெரிந்தே சொன்னேன். நீங்களும் தெரிந்துதானே கோர்ட்டில் சொன்னீர்கள்?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நேற்று செசிலி வந்தாள். உங்களிடம் சொல்லியிருக்கமாட்டாள். வாசலில் நின்றபடியே, "அத்தே, அப்பா பொய் சொன்னது நெசமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே வந்து உட்கார்ந்தாள். அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. நான் கழுவப் போட்டிருந்த மாவுப் பாத்திரங்களை எல்லாம் தேய்த்துக் கவிழ்த்தாள். பிறகு, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அவங்ககிட்ட சொல்லிருக்கலாம், அத்தே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவளிடம் முதலில் சொல்லியிருக்கலாம்தான். உங்களுக்குச் சொல்வது இது. உங்களுக்கு வலித்திருந்தால் எனக்குச் சந்தோஷம்.

ஏஞ்சலம்மாள்

*

செம்பூர்,
15-2-1965

ஏஞ்சலம்மாளுக்கு,

என்னை அடித்திருக்கலாம். சேட்டிடம் போட்டுக்கொடுத்து என் வேலையைப் பிடுங்கியிருக்கலாம். என் மகளை ஏன் தொட்டாய்? அவள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. லூசியம்மாள் உன் பெயர் சொல்லி மண்ணை வாரித் தூற்றுகிறாள். நான் தடுக்கவில்லை.

கேட்டுக்கு எதிரே இனி ஒரு நாள் உன்னைப் பார்த்தால் நானே இறங்கிவந்து கூடையை உதைப்பேன். வாட்ச்மேன் வேண்டாம்.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். அவள் புருஷனோடு சேர்ந்து அவளும் போய்விட்டாள் என்று ஊருக்கு எழுதிவிட்டேன். இந்த முகவரிக்கு இனி எழுதாதே.

தனசீலன்

*

செம்பூர்,
4-9-1966

சேசுவுக்குத் தோத்திரம்.

தங்கச்சி ஏஞ்சலம்மாளுக்கு அண்ணன் தனசீலன் எழுதுவது. நான் சொல்லச் சொல்லச் செசிலி எழுதுகிறாள். அவளுக்குத் தமிழ் எழுத்து அவ்வளவாக வராது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஜூன் மாதம் நடந்தது உனக்குத் தெரியும். நீ கேட்டுக்கு எதிரேதான் இருந்தாய். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கிடந்தேன். புண் ஆறிவிட்டது. இல்லாத விரல்கள் ராத்திரியில் வலிக்கின்றன, அதை டாக்டரிடம் சொன்னால் சிரிக்கிறார்.

சேட் ஒருமுறை ஆள் அனுப்பிப் பழம் கொடுத்தார். நஷ்டஈடு கேட்டு வக்கீல் மூலம் எழுதியதும் பழம் நின்றுவிட்டது. இப்போது எழுத்தில் பதில் கொடுத்திருக்கிறார்கள். தனசீலன் மேஸ்திரி, மெஷினில் நிற்பது அவன் வேலை இல்லை, யாரும் நிற்கச் சொல்லவில்லை, குடித்துவிட்டு வந்து தானாகவே தோல் சீவும் மெஷினில் கையை விட்டான் என்று.

செசிலி இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

மெஷின்காரன் அன்று வரவில்லை. லாரி நிற்கிறது, சரக்குப் போயாக வேண்டும் என்று சேட் முற்றத்தில் நின்று சத்தம் போட்டார், "தனசீலன், ஆள் இல்லையென்றால் நீ நில்" என்று. கேட் திறந்திருந்தது. நீ காதால் கேட்டிருப்பாய். அன்று காலை என்னைப் பக்கத்தில் பார்த்தும் இருப்பாய். உள்ளே இருந்த பதினாறு பேரில் ஒருவனும் சாட்சிக்கு வரமாட்டேன் என்கிறான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இந்த மாதக் கடைசியில் கோலியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

நான் எதையும் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

தனசீலன்

அத்தை, இது செசிலி. அப்பா கேட்கமாட்டார். நானும் கேட்கவில்லை. கடிதத்தை நானே தபாலில் போடுகிறேன்.

*

தாராவி,
22-1-1967

தனசீலன் அவர்களுக்கு,

கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. பதில் எழுத ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை. இப்போது ஒரு தகவல் இருக்கிறது.

உங்கள் இடத்துக்கு மேஸ்திரியாக வந்திருக்கிற தங்கசாமி நேற்று என்னைத் தேடிக் கோலிக்கு வந்தார். கூடவே சேட்டின் வக்கீலும் வந்தார். அவ்வளவு பெரிய கறுப்புக் கோட்டு எங்கள் சந்தில் இதுவரை நுழைந்ததில்லை. பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்த்தன. மரப்பெட்டியைத் துடைத்து உட்காரப் போட்டேன்.

தங்கசாமி பேசினார். "யக்கா, ஒங்களுக்கும் அந்த ஆளுக்கும் உள்ள கத ஊருக்கே தெரியும். கடவுளாப் பாத்து இப்ப ஒங்க கையில கொடுத்துருக்காரு. அன்னைக்குக் கேட்டுப் பக்கத்துல அவரப் பாத்தேன், வாயில சாராய வாசம் வந்துதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

கேட்டுக்கு உள்ளேயே, மழை படாமல், தகரக் கூரை போட்டு எனக்கு ஒரு கடை கட்டிக் கொடுப்பார்களாம். ஜெபமாலையின் படிப்புச் செலவைச் சேட் ஏற்பாராம். மரியஅந்தோணி விஷயத்திலும் 'மனிதாபிமானமாக ஏதாவது' பார்ப்பாராம்.

நான் தங்கசாமியைப் பார்த்தேன். உங்களுக்கு அந்த வேலை கிடைத்தபோது இருந்த அதே முகம். புதுச் சட்டை.

கோர்ட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சேட்டின் பக்கத்துச் சாட்சியாக என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை என் பெயர் புத்தகத்தில் இருக்கிறது.

இதை உங்களுக்கு முன்கூட்டியே எழுத வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நீங்கள் எனக்கு முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. விசாரணை நாள்வரைக்கும் நீங்கள் இதை நினைத்துக்கொண்டே தூங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அங்கே பார்ப்போம்.

ஏஞ்சலம்மாள்

*

குர்லா,
5-3-1967

சேசுவுக்குத் தோத்திரம்.

என் தங்கச்சி ஏஞ்சலுக்கு,

இதை இடது கையால் நானே எழுதுகிறேன். நாலு நாள் ஆயிற்று. சிறுபிள்ளை எழுத்தாக இருக்கிறது. செசிலியைக் கொண்டு எழுதவைத்தால் நான் எழுதியது ஆகாது.

உன் ஜனவரிக் கடிதத்துக்குப் பிறகு நான் தூங்கவில்லை. நீ விரும்பியது நடந்தது. கூண்டில் நீ ஏறியபோது முக்காட்டை இழுத்துவிட்டு என் பக்கம் ஒருமுறை பார்த்தாய். அதே நாற்காலிகள், அதே மொழிபெயர்க்கிறவர். சேட்டின் வக்கீல், "அன்று தனசீலனைப் பக்கத்தில் பார்த்தாயா?" என்றார். "பாத்தேன்" என்றாய். "அவன் வாயிலிருந்து என்ன வாசம் வந்தது?" என்றார். நீ வாய் திறப்பதற்குள் நான் நினைத்தது உனக்குத் தெரிய வேண்டும். சொல்லட்டும், எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தும் இடது கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு வாசமும் வரல. இவரு குடிக்கல. மெசின்ல நில்லுன்னு சேட்டுதான் முத்தத்துல நின்னு சொன்னாரு. என் காதால கேட்டேன்" என்றாய்.

வக்கீலுக்கு முகம் கறுத்துப்போனது. "கூடப் பிறந்த பாசத்தில் பொய் சொல்கிறாள்" என்று நஷ்டஈட்டுக் கேஸ் விசாரிக்கிற கமிஷனரிடம் திரும்பினார். நீ அவரை முடிக்கவிடவில்லை.

"பாசமா? இவருகூட நான் முகம் குடுத்துப் பேசி மூணு வருசத்துக்கு மேல ஆச்சு. இவரு பொய்க்காரரு. இதே கூண்டுல நின்னு, செத்துப்போன என் வீட்டுக்காரரு குடிச்சிருந்தாருன்னு சொன்னவரு. இன்னைக்குக் கேளுங்க ஐயா. என் முன்னால வச்சுக் கேளுங்க."

கமிஷனர் என்னைப் பார்த்தார். என் வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்து, ஒப்புக்கொள்ளாதே, உன் சாட்சியமே கெட்டுப்போகும், கேஸ் விழுந்துவிடும் என்று காதில் சொன்னார். எழுந்தேன். "ஆமா, பொய்தான் சொன்னேன். மரியஅந்தோணி அன்னைக்கு வேலைக்கு வந்தாரு. நான்தான் கூட்டிட்டு வந்தேன். அவரு குடிக்கல. அவரு குடிச்சு நான் பாத்ததே இல்ல" என்றேன். இந்த நாலு வருஷத்தில் அது ஒன்றுதான் நான் மூச்சுவிட்ட நேரம்.

தீர்ப்பு வந்துவிட்டது. என்னைப் பொய்ச்சாட்சிக்காகக் கடுமையாகக் கண்டித்துவிட்டு, என் வார்த்தையை ஒதுக்கிவைத்துவிட்டு, உன் வார்த்தையை நம்பியே நஷ்டஈடு கொடுக்கச் சொல்லியிருக்கிறார். தனக்குப் பகையானவனுக்காக ஒரு பெண் பொய் சொல்லமாட்டாள் என்று எழுதியிருக்கிறாராம். உன் பழைய கேஸைத் திறக்க முடியுமா என்று கேட்டேன். காலம் கடந்துவிட்டது, கஷ்டம் என்கிறார் வக்கீல். ஆனால் நான் சொன்னது தீர்ப்பில் எழுதப்பட்டிருக்கிறது.

வருகிற பணத்தில் பாதி உனக்கு. மறுக்காதே. இருபத்தாறாம் தேதி ஈஸ்டர். அன்று உன் வீட்டுக்கு வர அனுமதி கொடு. உட்காரச் சொல்ல வேண்டாம். வாசலில் நின்று மச்சான் படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று லூசியம்மாள் சொல்கிறாள். மன்னிக்காதவள் அப்படிச் சொல்லியிருப்பாளா என்கிறாள். உன் வாயால் கேட்க வேண்டும்.

உன் அண்ணன்,
தனசீலன்

*

தாராவி,
14-3-1967

தனசீலன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து புரிந்தது.

தீர்ப்பின் நகலைக் கோர்ட்டில் பணம் கட்டி வாங்கிவிட்டேன். இங்கிலீஷில் இருக்கிறது. மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டுபோய், என் வீட்டுக்காரர் பெயர் வருகிற வரியை மட்டும் தமிழில் எழுதி வாங்கினேன். 'மரியஅந்தோணி அன்று வேலையில் இருந்தார். மது அருந்தியிருக்கவில்லை.' ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் எல்லோரும் குடம் வைத்து நிற்கும்போது ஜெபமாலையை வாசிக்கச் சொன்னேன். இரண்டு முறை வாசித்தாள். ஒருத்தி நகர்ந்து எனக்கு முன்னால் இடம் விட்டாள். நான் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. என் முறை வந்தபோது பிடித்தேன்.

மதினி நினைப்பது தவறு. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: அன்று காலை கோர்ட் படி ஏறும்வரைக்கும் நான் அந்தப் பொய்யைச் சொல்லத்தான் வந்தேன். உங்கள் வாயில் சாராயத்தை ஊற்றி, உங்கள் பிள்ளைகள் அதைக் கேட்கிறதைப் பார்க்க வந்தேன்.

வராந்தாவில் சேட்டின் வக்கீல் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். "வாயில் சாராய வாசம் அடித்தது, தடுமாறினான். இந்த இரண்டும் போதும்மா, மறந்துவிடாதே" என்றார். அது உங்கள் வார்த்தை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உங்களுக்கும் அதை அந்த ஆபீஸ் கதவுக்குள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் பெஞ்சில் சேட் உட்கார்ந்து பான் போட்டுக்கொண்டிருந்தார். என் புருஷனையும் எடுத்து, உங்கள் கையையும் எடுத்து, இரண்டுக்கும் ஒரே பொய்யைக் கொடுத்து, அதையும் எங்கள் வாயாலேயே சொல்லவைத்துவிட்டு அவர் பான் மெல்லுகிறார். நம் பகை அவருக்கு ஒரு செலவில்லாத வேலையாள். நான் அவருக்கு உழைக்க மறுத்தேன், அவ்வளவுதான். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்கவைத்தேனே, அது எனக்காக.

கேட்டுக்கு எதிரே இப்போது கம்பி வேலி போட்டுவிட்டார்கள். என்னைத் தடுக்கத்தான். நான் மெயின் ரோட்டு முனைக்கு மாறிவிட்டேன். ஆட்கள் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறார்கள்.

பாதிப் பணம் எனக்கு வேண்டாம். உங்கள் கை போனதற்குக் கொடுத்தது, உங்கள் குடும்பத்துக்கு வேண்டும். மனம் கேட்கவில்லையென்றால் உதுமான் அண்ணனுக்கு அனுப்புங்கள். உங்கள் பொய்யால் வேலை போனவர் அவர். முகவரி செசிலியிடம் இருக்கிறது.

செசிலியிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், நேரில், கையைப் பிடித்து. அவளுக்கு நான் செய்தது அநியாயம். உங்களுக்கு எதிரான கல்லை அவள்மேல் எறிந்தேன். அவள் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் வருகிறாள், ஜெபமாலைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அவளைத் தடுக்காதீர்கள்.

ஈஸ்டருக்கு நாங்கள் வீட்டில் இருக்கமாட்டோம். ரஷீதா கூப்பிட்டிருக்கிறாள், உல்லாஸ்நகர் போகிறோம். அவர் படத்தைப் பார்க்க நீங்கள் வர வேண்டாம். அன்று அந்தச் சந்தில் நின்று கூப்பிட்ட குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. உங்களைப் பார்த்தால் அந்தக் குரலைத்தான் பார்ப்பேன். அது என்னால் முடியாது. முயன்று பார்க்கவும் எனக்கு ஆசையில்லை.

நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். அதை இல்லை என்று யாரிடமும் சொல்லமாட்டேன். கேட்டால் ஆமாம் என்பேன்.

இனி எழுத வேண்டாம். எழுதினால் பிரித்துப் படிப்பேன். பதில் வராது.

மரியஅந்தோணியின் மனைவி,
ஏஞ்சலம்மாள்